மின்னலுக்குப் பிறகு ரவுட்டர் மாற்றியாச்சு, வீட்டுச் சர்வர் பாதிதான் வேலை செய்கிறது

கீழ்லயம் எழுதியது:

வணக்கம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. போன வார இடிமழையில் ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டும் போய்விட்டன. சர்வர் மதர்போர்டில் இருக்கும் லேன் துளையும் அடி வாங்கியிருக்கிறது. கணினி அதை இன்னும் காட்டுகிறது, ஆனால் கேபிள் செருகினால் விளக்கு எரியவில்லை. ஃபைபர் சரியாகும் வரை சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றையும், சர்வருக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றையும் வைத்து ஓட்டுகிறேன்.

சர்வர் ஒரு மினி பிசி, இயங்குதளம் உபுண்டு சர்வர் 24.04. நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), ஜெல்லிஃபின் (வீடியோ), பை-ஹோல் (இணையப் பெயரைத் தேடித்தந்து விளம்பரத்தைத் தடுப்பது) மூன்றும் டாக்கரில், அதாவது தனித்தனிப் பெட்டிகளாக ஓடுகின்றன. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் சுரங்க இணைப்பான (விபிஎன்) வயர்கார்டு மட்டும் டாக்கருக்கு வெளியே. கோயில் கணக்கு, திருவிழாப் படங்கள், டியூஷன் பிள்ளைகளுக்கான வீடியோ எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பின்வரிசையில் உள்ள டியூஷன் அறைக்கு 70 மீட்டர் கேட்5இ கேபிள் கூரை ஓரமாக, வெளியில் போகிறது. அந்த முனையில் ஒரு பழைய வைஃபை ரவுட்டர்.

பழைய ரவுட்டர் 192.168.1.1, சர்வர் 192.168.1.10. புது ரவுட்டர் 192.168.0.1. பழைய நெட்பிளான் (உபுண்டுவின் வலை அமைப்பு) கோப்பை அப்படியே விட்டு, அதைப் பார்த்து இரண்டாவது கோப்பு எழுதி 192.168.0.10 கொடுத்தேன். இப்போது நடப்பவை:

சர்வரிலிருந்து 8.8.8.8-க்குப் பிங் போகிறது. மென்பொருளைப் புதுப்பிக்க 'ஆப்ட் அப்டேட்' அடித்தால் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. பை-ஹோல் எழவே இல்லை, 'கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' (கேட்ட முகவரியைக் கொடுக்க முடியாது) என்று நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் 192.168.0.10 திறந்தால் பத்து நிமிடம் நன்றாக வரும், பிறகு அறுந்துவிடும், கேபிளைப் பிடுங்கிச் செருகினால் திரும்ப வரும். சர்வர் எழவே இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. ரவுட்டரில் வயர்கார்டின் 51820 போர்ட்டை (வாசல் எண்) திறந்துவிட்டும் வெளியிலிருந்து வயர்கார்டு இணையவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி 100.72 என்று தொடங்குகிறது. டியூஷன் அறையில் வேகம் 100 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை, சில டேப்லட்டுகளுக்கு நெட்டே இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவட்டுமா? எங்கிருந்து தொடங்குவது?


நீலவயர் எழுதியது:

அழிக்க வேண்டாம், தங்கச்சி. சர்வரில் உள்ள எதுவும் கெடவில்லை. நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, ஐந்தாறு. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதால் ஒரே பெரிய கோளாறாகத் தெரிகிறது. கீழிருந்து மேலே வாருங்கள்: கேபிள், முகவரி, கேட்வே (வெளியே போகும் வாசல்), பெயர், கடைசியில் வெளியுலகம். ஒரு படி சரியாகும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரவுட்டர் சொல்லும் எண்ணுக்குச் சர்வரை மாற்றியதுதான் பாதித் தொல்லைக்கு வேர். நாளைக்கு ஃபைபர் திரும்பினால் அந்த ரவுட்டர் மறுபடி 192.168.1.1 என்று வந்து நிற்கும், எல்லாவற்றையும் திரும்ப மாற்றுவீர்கள். வீட்டுக்கென்று ஓர் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ரவுட்டர் வந்தாலும் அது இந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். 192.168.77 என்று வைத்துக்கொள்வோம். 4ஜி ரவுட்டரின் லேன் அமைப்பில் அதன் முகவரியை 192.168.77.1 ஆக்குங்கள். அதே பக்கத்தில் டிஹெச்சிபி வரம்பு (ரவுட்டர் கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கும் எண்கள்) இருக்கும், அதை 100 முதல் 199 வரை சுருக்குங்கள். 2 முதல் 99 வரை உங்கள் கைவசம், அதில் 10 சர்வருக்கு.

பத்து நிமிடத்தில் அறுவதற்கு இந்த வரம்புதான் காரணம் என்று நினைக்கிறேன். பல ரவுட்டர்கள் வரம்பை 2-இல் இருந்தே தொடங்கிவிடும். அப்போது 10-ஐ யாருடைய கைப்பேசிக்காவது கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே முகவரிக்குப் பதில் சொன்னால், லேப்டாப் யார் குரலைக் கடைசியாகக் கேட்டதோ அங்கே போகும். கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது சர்வர் தன் முகவரியைப் புதிதாக அறிவிக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் சரியாகிறது. மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். அறுந்திருக்கும் நேரத்தில் லேப்டாப்பில் 'ஆர்ப் -ஏ' அடித்து, 192.168.0.10-க்கு நேரே உள்ள மேக் முகவரி (கருவியில் பதிந்த வன்பொருள் எண்) சர்வர் அடாப்டருடையதுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் மோதல்தான். அதேதான் இருந்தால் சர்வரில் 'டிமெஸ்ஜி' (கணினியின் உள்பதிவு) பாருங்கள், 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரி இருந்தால் அடாப்டர் தூங்கி விழுகிறது. அப்படியானால் ஹப்பில் செருகாமல் பெட்டியின் பின்பக்க யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கெர்னல் துவக்க வரியில் 'யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1' சேர்க்கலாம்.

அடுத்தது நெட்பிளான். அது 'ஈடிசி' என்ற அமைப்பு அடைவுக்குள் இருக்கும் நெட்பிளான் அடைவில் முடிவு 'யாமல்' உள்ள எல்லாக் கோப்புகளையும் பெயர் வரிசையில் படித்து ஒன்றாகச் சேர்க்கும். ஒரே சாவி இரண்டு கோப்பில் இருந்தால் பின்னால் வருவது ஜெயிக்கும். ஆனால் முகவரிப் பட்டியல், டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றும் சேவை) பட்டியல் போன்றவை அழியாது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பழையதை விட்டுவிட்டுப் புதியதை எழுதுவது எப்போதும் ஆபத்து. இரண்டு நிமிடத் தாமதமும் இதனால்தான். பழைய கோப்பு செத்துப்போன துளையைக் குறிப்பிடுகிறது, அது உயிர் பெறும் என்று சிஸ்டம்டி (சேவைகளை எழுப்பும் நிரல்) 120 விநாடி காத்திருக்கிறது. பழைய கோப்பின் முடிவை 'பேக்' என்று மாற்றி ஒதுக்குங்கள், ஒரே கோப்பு இருக்கட்டும்.

புதுக் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்றால்: யூஎஸ்பி அடாப்டரின் பெயர் 'ஈஎன்எக்ஸ்' என்று தொடங்கி அதன் மேக் முகவரியோடு முடியும். அடாப்டரை மாற்றினால் பெயரும் மாறும். ஆகவே அந்தப் பெயரை நம்பாமல், 'மேட்ச்' அடியில் 'மேக்அட்ரஸ்', அதற்குப் பக்கத்தில் 'செட்-நேம்: லேன்0' கொடுங்கள். பிறகு அடாப்டர் மாறினாலும் மேக் வரி ஒன்றைத் திருத்தினால் போதும். 'டிஹெச்சிபி4' இல்லை. 'அட்ரஸஸ்' அடியில் 192.168.77.10/24. கேட்வேக்கு 'கேட்வே4' என்று எழுதாதீர்கள், அது கைவிடப்பட்ட முறை, இன்னும் வேலை செய்தாலும் எச்சரிக்கை கொடுக்கும். 'ரூட்ஸ்' அடியில் 'டூ: டிஃபால்ட்', 'வயா: 192.168.77.1'. டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 9.9.9.9. உள்தள்ளலுக்கு இரண்டு இரண்டு வெற்றிடம் மட்டும். டேப் விழுந்தால் யாமல் படிக்காது. கோப்பின் உரிமை 600 இருக்கட்டும்.

இதைச் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து, திரையும் விசைப்பலகையும் மாட்டிச் செய்யுங்கள். 'நெட்பிளான் டிரை' நல்ல கட்டளை, 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் கட்டளைத் திரை) வழியாக உள்ளே இருந்துகொண்டு முகவரியையே மாற்றினால் உங்கள் இணைப்பும் அறுந்துபோகும், என்டர் தட்ட ஆள் இருக்காது, எல்லாம் பழையபடி திரும்பிவிடும். மாற்றம் பிடிக்கவில்லை என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இப்போது பெயர் விவகாரம். இரண்டாவது கோப்பைப் பழையதைப் பார்த்து எழுதினேன் என்கிறீர்கள். டிஎன்எஸ் வரியில் 192.168.1.10 அப்படியே வந்திருக்கும். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்தால் தெரியும். அந்த முகவரி இப்போது உலகத்திலேயே இல்லை, அதனால்தான் எண் தெரிந்த இடத்துக்குப் போக முடிகிறது, பெயர் தெரிந்த இடத்துக்கு முடியவில்லை. பை-ஹோல் கதையும் அதுவே. டாக்கர் கம்போஸ் கோப்பில் 53-ஆம் போர்ட்டை 192.168.1.10-இல் கட்டியிருப்பீர்கள், இயந்திரத்தில் இல்லாத முகவரியில் போர்ட் கட்ட முடியாது. அதை 192.168.77.10 ஆக்குங்கள். முகவரியே குறிப்பிடாமல் வெறும் 53 என்று மட்டும் விடாதீர்கள், உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் 127.0.0.53-இல் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் முட்டும்.

சர்வருக்கு டிஎன்எஸ் பை-ஹோல் இல்லையா என்று கேட்பீர்கள். வேண்டாம். பை-ஹோலின் மென்பொருள் பொதியை டாக்கர் இறக்க டிஎன்எஸ் வேண்டும், அந்த டிஎன்எஸ் பை-ஹோலாகவே இருந்தால் முதல் அடியே எடுத்து வைக்க முடியாது. வீட்டுக் கருவிகளுக்கு மட்டும் ரவுட்டரின் டிஹெச்சிபி வழியாக 192.168.77.10 கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 போடாதீர்கள். கருவிகள் இரண்டாவதை 'முதலாவது செத்தால் மட்டும்' என்று எடுத்துக்கொள்வதில்லை, இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும், விளம்பரத் தடை பாதி ஓட்டையாகும்.


முனை51820 எழுதியது:

நீலவயர் அண்ணன் உள்வேலையைச் சொல்லிவிட்டார். நான் வெளியை மட்டும் சொல்கிறேன்.

100.72 என்பதைப் பார்த்ததும் விஷயம் முடிந்தது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் 2012-இல் இணையச் சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது ஐபியின் பின்னால் பல வீடுகளை வைப்பதற்காக. உங்கள் ரவுட்டரில் போர்ட் திறப்பது வீட்டு வாசலைத் திறப்பதுதான். அதற்கு வெளியே தோட்டத்து மெயின் கேட் ஒன்று இருக்கிறது, அதன் சாவி நிறுவனத்திடம். வெளியிலிருந்து வரும் பொட்டலம் (தரவுத் துண்டு) உங்கள் வாசலுக்கே வந்து சேராது. ரவுட்டரில் இனி எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை, அந்த விதியை அழித்துவிடுங்கள்.

வழி என்னவென்றால், வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்புக்குத் தடை இல்லை. எனவே சர்வரே வெளியே போய் ஓர் இடத்தில் காத்திருக்க வேண்டும். பொது ஐபி உள்ள ஒரு சின்ன வாடகைச் சர்வர் போதும், 1 ஜிபி ராம் தாராளம். சிங்கப்பூரில் அல்லது கோலாலம்பூரில் எடுத்தால் தாமதம் குறைவு.

வயர்கார்டு சுரங்கத்துக்குள் முகவரிகள்: வாடகைச் சர்வருக்கு 10.66.0.1, வீட்டுக்கு 10.66.0.2, கைப்பேசிக்கு 10.66.0.3. வீட்டு வயர்கார்டு கோப்பில் 'எண்ட்பாயிண்ட்' வாடகைச் சர்வரின் ஐபியும் 51820-ம். 'பெர்சிஸ்டண்ட்கீப்அலைவ்' 25. இந்த வரி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சு இல்லாத நேரத்தில் நிறுவனத்தின் மெயின் கேட் அந்த இணைப்பை மறந்துவிடும், பிறகு வெளியிலிருந்து தட்டினால் யாரும் திறக்கமாட்டார்கள். 'அலவ்ட்ஐபிஸ்' இடத்தில் வீட்டுப் பக்கம் 10.66.0.0/24 மட்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்து 0.0.0.0/0 போட்டுவிடாதீர்கள், சர்வரின் மொத்தப் போக்குவரத்தும் வாடகைச் சர்வர் வழியாகச் சுற்றும், 4ஜி கோட்டாவும் வாடகைக் கோட்டாவும் சேர்ந்து கரையும். வாடகைச் சர்வர் பக்கம் ஒவ்வொரு முனைக்கும் அதனதன் /32 (அந்த ஒரே முகவரி).

கைப்பேசி வீட்டைத் தொட வாடகைச் சர்வர் நடுவில் நின்று கைமாற்ற வேண்டும். அதில் 'ஐபி ஃபார்வர்ட்' 1 ஆக இருக்க வேண்டும். யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் தீச்சுவர்) போட்டிருந்தால் அது கைமாற்றலை இயல்பாகவே தடுக்கும், 'டபிள்யூஜி0'-இல் (வயர்கார்டின் வலைமுகம்) நுழைந்து 'டபிள்யூஜி0'-இல் வெளியேறுவதற்கு 'ரூட் அலவ்' விதி தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு முனையும் வாடகைச் சர்வரைப் பிங் செய்கின்றன, ஒன்றையொன்று பிங் செய்யவில்லை என்றால் இதுதான்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல் இருக்கிறது, அதுவும் வயர்கார்டு மேல்தான் ஓடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அது கொடுக்கும் முகவரியும் 100-இல் தொடங்கும், அதே 100.64 ஒதுக்கீட்டிலிருந்து. ரவுட்டர் காட்டும் 100.72-உடன் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்கர் திறந்துவிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போகும். டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதுகிறது, பொட்டலம் யூஎஃப்டபிள்யூ பார்க்கும் வழியில் வருவதே இல்லை. தடுத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், திறந்திருக்கும். கோயில் கணக்கு உள்ளே இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட்டை 192.168.77.10-லும் 10.66.0.2-லும் மட்டும் கட்டுங்கள். 10.66.0.2-இல் கட்டினால் வயர்கார்டு எழுந்த பிறகுதான் டாக்கர் எழ வேண்டும், சிஸ்டம்டியில் 'ஆஃப்டர்' வரி சேர்க்காவிட்டால் பை-ஹோலுக்கு வந்த அதே பிழை இதற்கும் வரும்.


பேரா வயர்மேன் எழுதியது:

எல்லாரும் மென்பொருளைப் பேசுகிறார்கள், மின்னல் எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஃபைபர் இழை கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. ஆனால் 70 மீட்டர் செம்புக் கம்பியைக் கூரை ஓரமாக வெளியில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அது ஏரியல் மாதிரி. பக்கத்தில் எங்கேயாவது மின்னல் விழுந்தாலே போதும், நேரடியாக விழ வேண்டியதில்லை, அந்தக் கம்பியில் அழுத்தம் தூண்டப்பட்டு இரண்டு முனையிலும் உள்ள லேன் துளைகளைத் தின்னும். போதாததற்கு இரண்டு வீட்டுக்கும் எர்த் வேறு வேறு. மின்கம்பி வழியாகவும் வந்திருக்கலாம், ஆனால் சர்வரில் லேன் துளை மட்டும் போயிருக்கிறது, பவர் பகுதி உயிரோடு இருக்கிறது. எனக்கு அந்தக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

100 மெகாபிட்டில் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு ஊசி போதும். ஊதா, பழுப்பு ஜோடிகளில் ஒன்று அறுந்தாலும்... மன்னிக்கவும், ஊதா இல்லை, நீலமும் பழுப்பும். அவற்றில் ஒன்று போனால் 100-க்கு இறங்கிவிடும். வெயிலில் தோல் வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே போய், முனையில் பச்சை பூத்திருக்கும். முனையை வெட்டி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் புதுத் தலை அடித்துப் பார்க்கலாம். பழைய ரவுட்டரின் துளையே 100 தானா என்பதையும் பாருங்கள், மலிவு ரவுட்டர்கள் பல அப்படித்தான். வெட்டும்போது கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், கழற்றி எறியுங்கள்.

ஆனால் நான் சொல்வது, அதைச் சரிசெய்யவே வேண்டாம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் செம்பு வேண்டாம். வெளிப்பயன்பாட்டு ஃபைபர் டிராப் கேபிள் 80 மீட்டர், இரண்டு முனையிலும் எஸ்சி தலை அடித்தே வாங்குங்கள். ஒற்றை இழை கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளாக மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. அது ஏ, பி என்று வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ வாங்கினால் விளக்கே எரியாது. தலையின் நிறத்தையும் பாருங்கள், நீலம் நீலத்தோடு, பச்சை பச்சையோடு. டிராப் கேபிளின் ஓரத்தில் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். அதையும் வீட்டுக்குள் இழுத்துவந்தால் ஃபைபர் போட்டதன் பயன் போச்சு. இழையை விரல் தடிமனுக்கு மடக்காதீர்கள்.

டியூஷன் அறையின் பழைய ரவுட்டரில் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? லேன் துளையில் இருந்து, அதன் டிஹெச்சிபி அணைக்கப்படாமல் இருந்தால் அதுவும் முகவரி விநியோகம் செய்யும். டேப்லட் யாரிடம் முதலில் வாங்குகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், சிலதுக்கு நெட் இல்லை என்பது அதனால்தான். அதற்கு 192.168.77.2 கொடுத்து, டிஹெச்சிபியை அணைத்து, லேன் துளையிலேயே விடுங்கள்.

சர்ஜ் பிளக் வாங்குகிறவர்கள் சுவரில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எர்த் இல்லாத பிளக்கில் அது கிட்டத்தட்ட வெறும் நீட்டிப்பு வயர்தான். பழைய வரிசை வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், பதிவு பெற்ற வயர்மேனை வைத்து எர்த் அளந்து, மெயின் பெட்டியில் டைப் 2 சர்ஜ் காப்பு போடச் சொல்லுங்கள். அதை நீங்களே திறக்காதீர்கள்.


கீழ்லயம் எழுதியது:

அண்ணே, மூவருக்கும் நன்றி. செய்தவை: 'ஆர்ப் -ஏ'-இல் வேறு மேக் முகவரிதான் இருந்தது, மோதல் உறுதி. எல்லாம் 192.168.77-க்கு மாற்றியாச்சு, இரண்டு நாளாக ஒருமுறைகூட அறவில்லை. நெட்பிளான் ஒரே கோப்பு, சர்வர் உடனே எழுகிறது. பை-ஹோல் ஓடுகிறது. டியூஷன் ரவுட்டரின் டிஹெச்சிபி அணைந்திருக்கவில்லை, இப்போது அணைத்தாச்சு, டேப்லட்டுகள் சரி. ஃபைபர் கேபிளும் கன்வர்ட்டரும் ஈப்போவில் சொல்லிவைத்திருக்கிறேன், அதுவரை செம்புக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வாடகைச் சர்வரும் எடுத்தேன். இரண்டு பிரச்சினை மிச்சம். கைப்பேசியிலிருந்து 10.66.0.2-க்குப் பிங் போகிறது, எஸ்எஸ்எச் உள்ளே நுழைகிறது, ஆனால் பெரிய அடைவைப் பட்டியலிட்டால் உறைந்துவிடுகிறது. நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. இரண்டாவது, நேற்றிரவு கரண்ட் போய் வந்த பிறகு வயர்கார்டு கைகுலுக்கலே (இரு முனையும் தொடங்கும் முதல் பேச்சு) நடக்கவில்லை. எந்தக் கோப்பையும் நான் தொடவில்லை. 'டேட்' அடித்தால் ஏதோ பழைய தேதியைக் காட்டுகிறது. நேரத்தைத் திருத்தக் குரோனி என்ற நிரல் போட்டிருக்கிறேன். வயர்கார்டு கோப்பில் டிஎன்எஸ் வரியில் 10.66.0.1 இருக்கிறது.


முனை51820 எழுதியது:

இரண்டாவதிலிருந்து வருகிறேன், அதுதான் சுவாரசியமானது.

வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை வைக்கும். பழைய பொட்டலத்தைப் பிடித்து யாரும் திரும்ப அனுப்பக்கூடாது என்பதற்காக, முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் எதிர்முனை சத்தமில்லாமல் தள்ளிவிடும். உங்கள் சர்வர் பழைய தேதியைச் சொல்லிக்கொண்டு போகிறது, வாடகைச் சர்வர் பதிலே தராது. சரி, குரோனி நேரத்தைத் திருத்திவிடுமே என்றால், குரோனிக்கு நேரச் சர்வரின் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. பெயர் கேட்கப் போனால் டிஎன்எஸ் 10.66.0.1, அது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். வயர்கார்டு கோப்பில் டிஎன்எஸ் வரி இருந்தால் உபுண்டு எல்லாப் பெயரையும் அந்த ஒரே இடத்தில்தான் கேட்கும், நெட்பிளானில் உள்ள 1.1.1.1-ஐத் திரும்பிப் பார்க்காது. நேரம் சரியாக வேண்டுமானால் சுரங்கம் வேண்டும், சுரங்கம் வேண்டுமானால் நேரம் சரியாக வேண்டும். தானாக அவிழாத முடிச்சு.

வீட்டுக் கோப்பிலிருந்து டிஎன்எஸ் வரியை எடுத்துவிடுங்கள், அது கைப்பேசிக்குத் தேவைப்படலாம், சர்வருக்குத் தேவையில்லை. குரோனியில் எண்ணாலேயே ஒரு நேரச் சர்வர் சேருங்கள், கிளவுட்ஃப்ளேரின் 162.159.200.1 போதும். பிறகு பெட்டியைத் திறந்து மதர்போர்டு பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர்2032, சில மினி பிசிகளில் அது வயர் தலையோடு வரும், வாங்குவதற்கு முன் பாருங்கள். கரண்ட் போனதும் தேதி பின்னால் போகிறது என்றால் அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டது. உபுண்டு 24.04-உடன் வரும் டைம்சிங்க்டி கடைசி நேரத்தை வட்டில் எழுதிவைத்து, எழும்போது அதற்குப் பின்னால் போகாது. குரோனி இயல்பாக அப்படிச் செய்வதில்லை. வீட்டுச் சர்வருக்கு டைம்சிங்க்டியே போதும் என்பது என் கருத்து.

முதல் பிரச்சினை பொட்டல அளவு. சின்னது போகிறது, பெரியது நடுவில் தொலைகிறது. வீட்டுச் சர்வரிலிருந்து வாடகைச் சர்வரின் பொது ஐபிக்கு 'பிங் -எம் டூ -எஸ் 1472' அடியுங்கள். போகாது. 1452, 1432 என்று இருபது இருபதாக இறக்கி, போகும் மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதோடு 28 கூட்டினால் வழியின் அளவு. அதிலிருந்து 80 கழித்தால் வயர்கார்டின் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு). 80 என்பது ஐபிவி6 வழியாகப் போனாலும் தாங்கும் கணக்கு, ஐபிவி4 மட்டும் என்றால் 60 போதும். உதாரணமாக 1412 போனால், 1440, அதில் 80 கழித்து 1360. வீட்டுக் கோப்பிலும் வாடகைக் கோப்பிலும் எம்டியூ வரியாக எழுதுங்கள். கைப்பேசிக்கு 1280 வைத்துவிடுங்கள், அது இன்று ஒரு கோபுரம், நாளை வேறு.


கீழ்லயம் எழுதியது:

1392 வரை போனது. 1340 வைத்தேன், எஸ்எஸ்எச் உறையவில்லை. டிஎன்எஸ் வரி எடுத்ததும் பத்து விநாடியில் நேரம் திருந்தி, கைகுலுக்கலும் வந்துவிட்டது. பேட்டரி வயர் தலை உள்ளதுதான், சொல்லியிருக்கிறேன். நெக்ஸ்ட்கிளவுட் இப்போது திறக்கிறது, ஆனால் 'நம்பத்தகாத முகவரி' என்கிறது. ஃபைபர் அடுத்த வாரம் வரும் என்கிறார்கள், டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பு. அப்போது என்ன செய்ய வேண்டும்?


நீலவயர் எழுதியது:

நெக்ஸ்ட்கிளவுட்டின் 'கான்ஃபிக்' கோப்பில் 'டிரஸ்டட் டொமைன்ஸ்' பட்டியலில் இன்னும் 192.168.1.10 இருக்கும். அதை 192.168.77.10 ஆக்கி, 10.66.0.2-ஐயும் அடியில் சேருங்கள்.

ஃபைபர் வரும்போது: புது ரவுட்டரை வீட்டு வலையில் செருகுவதற்கு முன், லேப்டாப்பை மட்டும் அதில் மாட்டி லேன் முகவரியை 192.168.77.1 ஆக்குங்கள். டிஹெச்சிபி 100 முதல் 199, டிஎன்எஸ் 192.168.77.10. பிறகு 4ஜி ரவுட்டரைக் கழற்றிவிட்டு இதைச் செருகுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வலையில் இருந்தால் 192.168.77.1-க்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள், முதல் நாள் பார்த்த அதே மோதல். நிறுவனத்து ரவுட்டர் இல்லாமல் சொந்த ரவுட்டர் போடுவதாக இருந்தால் பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை), இணையத்துக்கு விஎல்ஏஎன் (வலைப் பிரிவு எண்) 500, எம்டியூ 1492. விஎல்ஏஎன் எண் போடாவிட்டால் பயனர் பெயர் சரியாக இருந்தாலும் இணையாது, கடவுச்சொல்தான் தப்பு என்று நினைத்து அலைவீர்கள்.

வெளி ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இல்லை என்று பார்த்தால்கூட வாடகைச் சர்வரை உடனே நிறுத்தாதீர்கள். ஃபைபர் போன நாளில் 4ஜி ரவுட்டரை எடுத்துச் செருகினால் போதும், சுரங்கம் தானாக எழும், சர்வரில் ஒரு வரிகூடத் தொட வேண்டாம்.